இரண்டு பேருக்குக் குறையாமல்

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேங் கிசோக் நண்டுக் கடை வாசலில் நின்று ஆள் தேடத் தொடங்குகிறார். வலது கை இடுப்பில். இடது கையில் நாலாக மடித்த துண்டு, துண்டுக்குள் கத்தரிக்கோல். தெருவில் வருகிறவர்களின் செருப்பைத்தான் முதலில் பார்ப்பார், முகம் அப்புறம்தான். அவசரமாகப் போகிற செருப்பை விட்டுவிடுவார். மெதுவாக வருகிற செருப்பென்றால் ஓரடி முன்னால் வந்து, "சாப்ட்டாச்சா?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "நண்டு ஒடம்புக்கு ஒத்துக்குமா? அப்ப வாங்க. காசு என்னோடது. நீங்க எதிர்ல உக்காந்தாப் போதும்."

பைத்தியம் என்று நினைத்து நகர்ந்து போனவர்களும் உண்டு. அவர்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. "நானா இருந்தாலும் ஓடிருப்பேன்" என்பார்.

காரணம் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது: அவித்த நண்டு, இரண்டு பேருக்குக் குறையாமல். இஞ்சோன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் எல்லா நண்டுக் கடையிலும் இதே சட்டம்தான். ஆனால் மற்ற இடங்களில் கொஞ்சம் கெஞ்சினால் வளைந்து கொடுப்பார்கள். இந்தக் கடையின் ஓக்புன் அம்மாள், சந்துக்கெல்லாம் சித்தி, வளைய மாட்டாள். மேங் ஒருமுறை இரண்டு பேருக்கான காசைக் கொடுத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பார்த்தார். சித்தி காசை மேசைமேலேயே திருப்பித் தள்ளிவிட்டாள்.

"காசா வந்து சாப்பிடும்? எதிர்ல ஒரு வாய் இருக்கணும். நண்டு என்ன நூடுல்ஸா, குனிஞ்சு உறிஞ்சிட்டு எந்திரிச்சுப் போறதுக்கு?"

வீட்டில் அவித்துச் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். மேங்கின் மனைவிக்கு நண்டு ஆகாது. நீராவி பட்டாலே கழுத்தெல்லாம் தடித்துவிடும். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நாளில் சட்டையை என் கடையில் கழற்றிக் கொடுத்து, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார். எதிர்வரிசையில் சலவைக் கடை வைத்திருப்பவன் நான். இருபது வருடமாக நண்டுக் கறை போக்குகிறேன். எந்தச் சட்டையில் எவ்வளவு கறை என்பதை வைத்தே அன்றைக்கு நண்டு எப்படி என்று என்னால் சொல்ல முடியும்.

சென்ற இலையுதிர்காலத்திலிருந்து அவர் பிடித்து வந்த ஆட்களை நான் என் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்சல் கொண்டுவருகிற பையன் வந்தான், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தான். வட்டார அலுவலகத்துப் பெண் வந்தாள், வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் கையை நீட்டாமலேயே எழுந்து போனாள். மேங்கை மதம் மாற்றுவதற்கென்று துண்டுச்சீட்டோடு வந்த ஒருவர், இவரிடமே மாட்டிக்கொண்டு இரண்டு நண்டு சாப்பிட்டுவிட்டு, சீட்டைக் கொடுக்க மறந்து போய்விட்டார். யாருமே கிடைக்காத நாளில் மேங் என் கடைக் கதவைத் தட்டுவார்.

"தம்பி, இஸ்திரியை நிறுத்து. வயிறு ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வா."

அப்படி ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். அவர் நண்டு வெட்டுவதைப் பார்ப்பதற்கே போகலாம். ஆவித் தட்டில் மூன்று நண்டு மல்லாக்கப் படுத்து வரும். மேங் ஒன்றை எடுப்பார். அடிவயிற்று மடலைக் கட்டைவிரலால் நெம்பிக் கழற்றுவார். பின்பக்கம் விரலைக் கொடுத்து முதுகோட்டை ஒரே இழுப்பில் தூக்குவார். சினையில் ஒரு பொட்டு சிந்தாது. செவுளை இரண்டு பக்கமும் நறுக்கி ஓரமாகப் போடுவார். உடம்பை நடுவில் ஒரு வெட்டு, குறுக்கே இரண்டு வெட்டு. கால்களில் மூட்டுக்கு மூட்டு இரண்டு முனையையும் வெட்டிவிட்டு, நண்டின் சொந்த நகத்தாலேயே குத்தித் தள்ளுவார். சதை முழுசாக வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். இவ்வளவும் நான் ஒரு குவளைத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள். நான் சின்னவன், முறைப்படி நான்தான் வெட்ட வேண்டும். கேட்டுப் பார்த்தேன்.

"ஒங்கையில குடுத்தா நண்டு இன்னொரு தடவ சாகும். சும்மா உக்காரு."

தூக்கிய ஓட்டை அவர் தன் கிண்ணத்தில் வைத்ததே இல்லை. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான். எனக்கு ஒற்றைக் கையால் நீட்டுவார், நான் இளையவன் ஆயிற்றே. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். சினையும் சாறும் ததும்பும் அந்த ஓட்டுக்குள் ஒரு கரண்டி சோறு போட்டு, எள்ளெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, வாட்டின கடற்பாசித் தாளை நொறுக்கிப் பிசைந்து ஒரு வாய் வைத்தால் மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? நான் சாப்பிடுவதை அவர் கண்ணெடுக்காமல் பார்ப்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, "எனக்குக் காலு போதும்ப்பா" என்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, மூணு ஓடு இருக்கு. ஒண்ணு நீங்க எடுத்துக்கக் கூடாதா? சாப்ட்டதே இல்லையா?"

"இல்ல. இருபத்திரண்டு வருஷமா இல்ல. தூக்குனா கை எதிர்ப்பக்கம்தான் போகுது. பழகிப்போச்சு." கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார்: "அத்தனை ஓடும் அந்தாளுக்குத்தான் போச்சு."

அந்தாள் என்றால் பியோ யொங்தல்.

மேங்குக்குத் தொழில் வீடுகளுக்குச் சுவர்த்தாள் ஒட்டுவது. அதுவும் இரண்டு ஆள் வேலைதான். கீழ் ஆள் தாளை அளந்து வெட்டி, பசை தடவி, மடித்துக் கொடுப்பார். மேல் ஆள் பலகையில் நின்று வாங்கி ஒட்டுவார். மேங் கீழ் ஆள். நாடா வைத்து அளப்பதில்லை. கண்ணால் பார்த்து வெட்டுவார், ஒரு விரல்கடை பிசகாது. மேல் ஆள் பியோ. நெடுநெடுவென்று வளர்ந்தவர், கூரைத்தாள் ஒட்ட அவருக்குப் பலகைகூட அரைகுறையாகத்தான் வேண்டும். கத்தரிக்கோல் பிடித்துப் பழக்கமில்லாதவர். இந்த நண்டுக் கடைக்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால் தாள் ஒட்டியதும் இந்த இருவர்தான். மேங் பிடித்து வருகிற ஆட்களையெல்லாம் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார். "எங்க ஒட்டு இருக்குன்னு காட்டுங்க பாப்போம்." யாராலும் காட்ட முடிந்ததில்லை.

முதல் வேலையில் சந்தித்த அன்றே பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு இருவரும் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி, பிறந்தது என்ன வருஷம் என்பது. அது தெரியாமல் எங்கள் பக்கத்தில் யாரும் யாரோடும் இரண்டாவது வாக்கியம் பேச முடியாது. எங்களுக்கு வருடங்கள் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றி வரும். மேங் எலி வருடம். பியோ, "நான் பன்னி" என்றார். எலிக்கு முந்தின வருடம் பன்றி. அவ்வளவுதான், பியோ அண்ணன், மேங் தம்பி. அன்று மதியமே அண்ணன் தம்பியை இந்தக் கடைக்குக் கூட்டிவந்து நண்டு வாங்கிக் கொடுத்தார். மேங் மலை ஊரில் பிறந்தவர். நாற்பது வயது வரை நண்டைச் சந்தையில் பார்த்ததோடு சரி. பியோ தீவுக்காரர், நண்டோடு வளர்ந்தவர். எங்கிருந்து பிரிக்க வேண்டும் என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல, மேங் வெட்டினார். மேசையில் இருக்கும் கத்தரிக்கோலை எடுப்பது இளையவர் வேலை. யார் இளையவர் என்று தெரியாத மேசையில், யார் கத்தரிக்கோலை எடுக்கிறார் என்று பார்த்தால் போதும்.

அதன்பின் இருபத்திரண்டு வருடம் வெட்டினார். ஒவ்வொரு ஓட்டையும் தம்பி அண்ணனுக்குக் கொடுக்கிற முறைப்படி இரண்டு கையாலும் நீட்டினார். "ஒண்ணு நீயும் எடுத்துக்கோடா" என்று பியோ சொல்வார். "எனக்குக் காலு போதும்ணே" என்று இவர் சொல்வார். பியோ அப்புறம் வற்புறுத்தியதில்லை. அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

சென்ற அக்டோபரில் பியோவின் அம்மா தொண்ணூற்றோரு வயதில் காலமானார். சாவு மண்டபத்தில் மூன்று நாளும் மேங்தான் கூடப்பிறந்தவர் போல நின்றார். வருகிறவர்களின் செருப்பை அடுக்கினார், மாட்டிறைச்சிக் குழம்பு பரிமாறினார், சோஜு மது ஊற்றினார். நானும் இரண்டாம் நாள் போயிருந்தேன். மனுஷன் கால் வீங்கி நின்றதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை பியோவின் அக்கா, தீவிலிருந்து வந்தவர், மேங்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எங்க யொங்தலுக்கு ஒங்கள மாதிரி ஒரு அண்ணன் கெடச்சாரே, அது போதும்ங்க."

"ஐயோ அக்கா, நான் தம்பிங்க."

"தம்பியா? நீங்க என்ன வருஷம்?"

"எலி."

"அவன் மாடு ஆச்சே!"

மாடு என்றால் எலிக்கு அடுத்த வருடம். பன்றி வருடத்தில் பிறந்தது இன்னொரு பிள்ளை. அது இரண்டு வயதில் போய்விட்டது. தீவிலிருந்து அலுவலகத்துக்குப் படகேறிப் போய் செத்ததை யார் பதிவு செய்வார்கள்? அடுத்துப் பிறந்த பிள்ளைக்குப் பதிவிலிருந்த பெயரையே வைத்துவிட்டார்கள், பிறந்த தேதியோடு சேர்த்து. பள்ளியில், பட்டாளத்தில், அடையாள அட்டையில் எல்லாம் பியோ பன்றி வருடம்தான். ஆனால் அது தன் வயதில்லை என்று அவருக்கு எப்போதும் தெரியும்.

மேங் நேரே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். சாவு உடையில் கையில் கறுப்புப் பட்டையோடு நின்ற பியோவிடம், "நாளையிலேருந்து கத்தரிக்கோல நீ எடு" என்றார். நீ என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பியோவின் முகம் வெளுத்துவிட்டது. "எங்கம்மாவ இன்னும் அடக்கம்கூடப் பண்ணல. இதுவாடா நேரம்?" என்றார். "பேப்பர்ல என்ன இருக்கோ அதான் வயசு. போடா" என்றும் சொன்னார். இரண்டு பேரும் அப்புறம் பேசவில்லை.

எட்டு மாதம். தாள் ஒட்டுகிற வேலைக்கு மேங் கூலிக்கு வேறு மேல் ஆள் வைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருவன் மாறினான். நண்டுக்கும் அதே கதைதான். பியோ என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. சாயங்கால வேளையில் கடைக்கு எதிரே ஓரிரு முறை நின்று பார்த்துவிட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன். ஒற்றை ஆளுக்குக் கிடையாது என்று அவருக்கும் தெரியும். குளிர்காலத்தில் கடையின் கூரைத்தாள் ஒரு மூலையில் ஆவி பட்டு விட்டுப்போய் நாக்கு மாதிரி தொங்கியது. சித்தி மேங்கிடம் சொன்னாள். மேங் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒத்த ஆளா செய்ய முடியாது" என்றார். கூலிக்கு ஆள் இருக்கிறானே என்றேன். காது கேட்காதவர் போலக் கால் சதையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கோபம் யார் மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் சொல்வார்: "என்னைவிடச் சின்னவன் செருப்ப நான் எடுத்து வெச்சிருக்கேன், தெரியுமா? அவன் பொண்ணு கல்யாணத்துல குனிஞ்சு கும்புட்டிருக்கேன்." மறுநாள் சட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது அவராகவே சொல்வார்: "அன்னிக்குச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. அம்மா பெட்டி உள்ள இருக்கு, நான் கத்தரிக்கோலப் பத்திப் பேசுறேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?" சொல்லிவிட்டு மாற்றுச் சட்டையின் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஜூன் மாதம் சித்திதான் செய்தி கொண்டுவந்தாள். பியோ வீட்டை விற்றுவிட்டாராம். மாதக் கடைசியில் தேஜோனில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறாராம். மேங் கேட்டுக்கொண்டே கொடுக்கு ஒன்றை வெட்டினார். முதன்முறையாக அவர் வெட்டில் ஓடு நொறுங்கிச் சதைக்குள் போனதைப் பார்த்தேன்.

"தேஜோனா? அங்க கடலே கெடையாதே" என்றார்.

ஜூன் இருபதாம் தேதி வசந்த நண்டுக்குக் கடைசி நாள். மறுநாளிலிருந்து இரண்டு மாதம் படகுகள் நண்டுக்குப் போகக் கூடாது. ஐஸில் வைத்த நண்டைச் சித்தி குழம்புக்குத்தான் போடுவாள், ஆவித் தட்டில் வைக்க மாட்டாள். அன்று மேங் வாசலில் நின்று ஆள் பிடிக்கவில்லை. பன்னிரண்டுக்கு நேரே என் கடைக்கு வந்தார். "வா" என்றார், அவ்வளவுதான். ஒரே ஒரு தட்டுக்குத்தான் நண்டு மிச்சமிருக்கிறது, மூன்று, எல்லாம் சினையோடு, என்று சித்தி சொன்னாள். தொங்குகிற கூரைத்தாளுக்குக் கீழே இருக்கும் மேசையில் உட்கார்ந்தோம். கிம்ச்சி ஊறுகாயும் பூண்டுத் தண்டும் வந்தன. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பியோ உள்ளே வந்தார், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து.

சித்திக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டாள். "எத்தன பேரு?"

"ஒருத்தன்தான் சித்தி."

"ஒருத்தருக்குக் கெடையாது."

"தெரியும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்றத உக்காந்து சொன்னா என்ன, கால் வலிக்கிதா?" என்று ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் கொண்டுவந்து எங்கள் மேசையில் மேங்குக்கு எதிரே டொக்கென்று வைத்தாள். "வேற எடமில்ல. இங்கதான்." மற்ற நாலு மேசையும் காலியாகக் கிடந்தன.

பியோ உட்கார்ந்தார். மேங் சுவரைப் பார்த்தார். நான் பூண்டுத் தண்டைத் தின்றேன். எனக்கு வேறு என்ன வேலை? தட்டு வந்தது. மூன்று நண்டும் மல்லாந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மேங்கின் துண்டு மேசை நடுவில் விரிந்து கிடந்தது, அதன்மேல் கத்தரிக்கோல். மேங் கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். யாரும் எடுக்கவில்லை. ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"ஆறிப்போன நண்டத் திங்கறதுக்கா நான் விடியக்காலை துறைமுகத்துல போய் வரிசையில நின்னேன்?" என்றாள் சித்தி.

மேசையில் நான்தானே இளையவன் என்று கையை நீட்டினேன். சித்தி என் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி போட்டாள். "ஒன்ன யாரு கேட்டா?"

பியோ கத்தரிக்கோலை எடுத்தார்.

இருபத்திரண்டு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவர்தான். பார்த்து என்ன பயன்? ஓட்டைத் தூக்காமலேயே காலில் கைவைத்தார். மூட்டில் வெட்டாமல் நடுவில் வெட்டினார். சாறு பீய்ச்சி மேங்கின் சட்டை மார்பில் அடித்தது. மேங் துடைக்கவில்லை. பியோ ஓட்டை நெம்பினார், அது குறுக்கே உடைந்தது, சினை சிதறித் தட்டில் விழுந்து தண்ணீரோடு கலந்தது. மேங்கின் வலது கை விரல்கள் முழங்கால் மேல் தாமாகவே திறந்து மூடின.

இரண்டாவது நண்டை எடுத்துக்கொண்டு பியோ தலை நிமிராமல் பேசினார்.

"செத்துப்போனானே, அவனுக்குத்தான் யொங்தல்னு பேரு. எனக்குன்னு யாரும் பேரு வெக்கல. யாரு வயசு கேட்டாலும் பன்னி வருஷம்னுதான் சொல்லணும்னு அம்மா சொல்லி வளத்தாங்க. பேர வாங்கிக்கிட்ட, வயசையும் அவனுக்காகத் தூக்கிட்டு நடன்னாங்க. அன்னிக்கு நீ கேட்டப்ப அதான் வாயில வந்துச்சு." ஒரு கால் கை நழுவிக் கிம்ச்சித் தட்டில் விழுந்தது. எடுத்து மறுபடி வெட்டினார். "அம்மா இருக்கற வரைக்கும் மாத்திச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ கேட்டுட்ட."

மேங் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "நான் அன்னிக்கு அங்க வெச்சு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசுனது சரிதான். எடம்தான் தப்பு."

"எடமும் தப்பு, நானும் தப்பு" என்றார் மேங். அந்த நேரம் பார்த்து பியோ செவுளை எடுக்காமலேயே உடம்பை நசுக்கி வெட்டப் போனார். மேங்கால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எட்டி அவர் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்.

"விடுடா. நண்டு பாவம்டா."

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த 'டா' விழுந்திருந்தால் மேசை கவிழ்ந்திருக்கும். பியோ கையைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க" என்றார். சித்தி சட்டென்று திரும்பி அடுப்பங்கரைக்குப் போனாள். போகிற போக்கில், "ஆகஸ்டு கடைசியில படகு போவும். தேஜோன்லேருந்து ரயில்ல ரெண்டு மணி நேரந்தான். இந்த மேல்தாள் வேற தொங்குது, அதுவும் ரெண்டு ஆள் வேலைன்னாங்க" என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

மேங் இரண்டாவது நண்டைச் சரிசெய்தார். அப்புறம் மூன்றாவதை எடுத்தார். மடலைக் கழற்றினார், விரலைக் கொடுத்தார், ஒரே இழுப்பு. ஓடு முழுசாக வந்தது, செக்கச்செவேலென்று சினை ததும்ப. பழக்கத்தில் கை எதிர்க் கிண்ணத்தை நோக்கிப் போனது. மேசைக்கு நடுவில் நின்றுவிட்டது.

பியோ தன் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். "நீங்க சாப்பிடுங்க."

மேங் ஓட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கரண்டி சோறு போட்டார். எள்ளெண்ணெய் விட்டார். கடற்பாசியை நொறுக்கித் தூவினார். சுவரில் ஒட்டுத் தெரிகிறதா என்று பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். நானும் பியோவும் மெல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பங்கரை வாசலில் சித்தி கரண்டியோடு நின்றாள்.

மேங் மென்றார். மெல்லுவது மெதுவானது. புருவம் இரண்டும் சேர்ந்துகொண்டன. கஷ்டப்பட்டு விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"கசக்குதே" என்றார்.

"கசக்குமா?" என்றார் பியோ.

"சேறு மாதிரி இருக்கு. இதையாடா இருபத்திரண்டு வருஷமாத் தின்ன?"

பியோவின் தோள் குலுங்கியது, சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. மேங் எட்டி, கிண்ணத்தின்மேல் இருந்த அவர் உள்ளங்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓட்டைத் தூக்கி ஒற்றைக் கையால் நீட்டினார். பியோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.